புதுப்பிப்பு: கார் இல்லாத கிரேக்கத் தீவு, ஹைட்ரா போய் வந்தாச்சு

கோடையில் ஒரு வாரம் தங்க, வண்டிச் சத்தம் இல்லாத கிரேக்கத் தீவு எது என்று மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜூன் நடுவில் ஹைட்ரா போனோம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

"துறைமுகத்தில் தங்காதீங்க, காமினியில் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. காமினி பக்கத்திலேயே உள்ள சின்ன ஊர்; துறைமுகத்திலிருந்து கடலோரமாகக் கால் மணி நேர நடை, அவ்வளவுதான். துறைமுகமோ மதியம் ஒருநாள் பயணிகளால் திருவிழாக் கூட்டம். சாயங்காலம் அவர்கள் படகேறியதும் கப்சிப்.

எங்கள் சக்கரப் பெட்டிதான் சொதப்பியது. தெருவெல்லாம் கல் படிக்கட்டு. கடைசியில் ஒரு கோவேறு கழுதையின் முதுகில் கயிறு போட்டுக் கட்டி ஏற்றினார்கள். பின்னாலேயே மூச்சு வாங்க நடந்தோம். அடுத்த முறை தோள்பைதான்.

அப்புறம், மணல் கடற்கரையை எதிர்பார்க்காதீர்கள். பாறையும் கூழாங்கல்லும்தான், ரப்பர் செருப்பு அவசியம். கார், பைக்குக்குத் தடை என்றாலும் குப்பை லாரிக்கு விலக்கு உண்டு. முதல் நாள் காலையில் அதன் சத்தத்தில்தான் கண்விழித்தேன்!