மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 52, மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டது. ராத்திரி திடீரென உடம்பு தகிக்கும், நைட்டி நனைந்துபோகும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். பகலில் சின்ன விஷயத்துக்கும் அழுகை. சீட்டுக் கணக்கு முழுவதையும் மனதில் வைத்திருந்தவர், இப்போது யார் பணம் கொடுத்தார்கள் என்று நோட்டைப் புரட்டுகிறார். "எனக்கு மறதி நோய் வந்துருச்சாடி?" என்று கேட்கிறார். தாங்க முடியவில்லை.

டாக்டர் ஈஸ்ட்ரோஜென் ஜெல்லும், கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குப் பயம். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 65 வயதுக்கு மேல் கூட்டு ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மறதி நோய் அபாயம் இரண்டு மடங்கானது உண்மைதான். ஆனால் மாதவிடாய் நின்று மூன்று வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களிடம் நடந்த கீப்ஸ் ஆய்வில் (2015), நான்கு வருடம் எடுத்தும் ஞாபக சக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் ஈஸ்ட்ரோஜென் மாத்திரை எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஓரளவு குறைந்தன. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜென் பேட்ச் போட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அக்காவுக்குச் சொன்னதும் பேட்ச் போலவே தோல் வழியாகப் போகும் ஜெல் என்பதால்தான் குழப்பம்.

ஜெல் தடவியவர்கள் சொல்லுங்கள்: மனநிலை மாறியதா? தூக்கம் சரியானதும் ஞாபக மந்தம் தானாகவே போனதா? புரோஜெஸ்டிரோன் யாருக்காவது மனதை இன்னும் சோர்வாக்கியதா? தைராய்டு, பி12 பார்த்தாயிற்று, இரண்டும் சரியாக இருக்கின்றன. அப்புறம், கைவைத்தியம் இப்போது வேண்டாம். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.