பேச்சிழந்தவரிடம் கேட்டுச் செயலி வடிவமைப்பது எப்படி?

பாம்பன் மாணவி:
என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். சென்ற ஆண்டு வந்த பக்கவாதத்தில் வலக்கை விழுந்துவிட்டது. நாம் சொல்வது புரிகிறது, ஆனால் வாயில் சொல் வருவதில்லை. மருத்துவர் இதை அஃபேசியா என்றார். படத்தைத் தொட்டால் பேசும் செயலி ஒன்றைக் கல்லூரித் திட்டப்பணியாக நானும் தோழிகளும் அவருக்காகச் செய்தோம். பெரியம்மாவிடம் கேட்டு, தண்ணீர், சோறு, மாத்திரை, கழிப்பறை என நாற்பது படங்கள் வைத்தோம். அவர் இருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பேச இயலாதவரிடம் கருத்துக் கேட்க முறை ஏதும் உண்டா?

பேச்சு மொழிப் பயிற்சியாளர், இராமநாதபுரம்:
உண்டு, அம்மா. அஃபேசியா மொழியைத்தான் பாதிக்கிறது, அறிவு குறைவதில்லை. "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் அவர் திணறுவார். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' முறையைப் போல, 'வேண்டும்', 'வேண்டாம்', 'தெரியவில்லை' என மூன்று இடங்களைக் காட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, அவரே பிரித்து வைக்கும்வரை குறுக்கே பேசாமல் காத்திருங்கள். சிலருக்கு 'இல்லை' என்று சொல்ல நினைக்கும்போதும் தலை 'ஆம்' என்று ஆடிவிடும். ஆகவே, முடிந்தபின் வைத்ததை மறுபடி காட்டி உறுதிசெய்யுங்கள். வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்:
என் மகனுக்கு மூளை முடக்குவாதம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி வழியாகப் பேசுகிறான். பசியும் தாகமும் முகத்திலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்கவும் மறுத்துப் பேசவும்தான் அவனுக்குச் சொல் தேவைப்பட்டது. இன்னொன்று: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குறைபாடு நிலைத்துவிட்டால் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

பாம்பன் மாணவி:
நேற்றுத் திண்ணையில் அட்டைகளோடு உட்கார்ந்தோம். சோற்றையும் கழிப்பறையையும் பெரியப்பா இடக்கையால் 'வேண்டாம்' பக்கம் தள்ளினார். அவற்றைச் சைகையிலேயே சொல்லிவிடுகிறார் என்பது எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. சீலா மீன் படத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையைத் தட்டித் தட்டி என்னையே பார்த்தார். "என்ன விலை போனது?" என்று கேட்கிறார் என்பதை அண்ணன்தான் கண்டுபிடித்தான். பிறகு கடற்கரைப் பக்கம் கை நீட்டிக் காற்று எப்படி என்று கேட்டார். எந்திரக் குரலை ஒதுக்கிவிட்டு, அண்ணன் குரலுக்குச் சம்மதித்தார். முதல் திரையில் இப்போது விலை, காற்று, எத்தனை கூடை என்ற மூன்று கேள்விகள் மட்டுமே இருக்கின்றன. வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் எப்படிப் படம் போடுவது என்று இன்று மாலை அவரிடமே காகிதத்தைக் கொடுக்கப் போகிறோம்.