மனம் விட்டுக் கதைத்த ஒரு நாள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

முருங்கைத்தடி (விசுவமடு)

போர் முடிந்து நாலு வருடம் கழித்து, 2013ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்துக்காக விசுவமடுப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். குடும்பத்தில் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை, காணாமற்போனவர் எத்தனை, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா. இந்த ஒழுங்கில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு தகரக் கொட்டிலில் ஓர் அம்மா. முற்றத்தில் பாய் விரித்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கேட்க, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். “நாலு.” “ரெண்டு.” “ஒண்டு.” கிணற்றுக் கேள்விக்கு வந்தபோது, “தண்ணி குடிக்கிறியளோ பிள்ளை?” என்றார். “வேண்டாம் அம்மா, இன்னும் ஏழு வீடு கிடக்கு” என்று எழும்பிவிட்டேன். அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு கையெழுத்து விடுபட்டதென்று திரும்பப் போனேன். இந்த முறை தேத்தண்ணி தந்தார், வாங்கிக் குடித்தேன். வேலியோரம் ஆளுயரத்தில் ஒரு முருங்கை துளிர்த்து நின்றது. ஆடு கடிக்காமல் சுற்றிவர முள்ளடைத்து, அடியில் சாம்பல் கொட்டியிருந்தார். “உது எங்கை எடுத்தனீங்கள் அம்மா?” என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தார்.

அவருடைய சொந்தக் காணி புதுக்குடியிருப்பில். திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, கதவு நிலையில்லை. கிணற்றடியில் நின்ற முருங்கை பாதியில் முறிந்து கிடந்ததாம். ஆனால் அடிக்கட்டையிலிருந்து மணிக்கட்டு மொத்தத்தில் நாலைந்து கிளை வெடித்திருந்தது. ஒன்றை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தங்கச்சியின் காணியில் ஊன்றியிருக்கிறார். “மூத்தவன் வைச்ச மரம்” என்றார்.

மூத்தவன் எங்கே என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பதில்தான் ஏற்கனவே ஓர் எண்ணாக என் படிவத்தில் இருந்ததே. கேட்கவில்லை. “பிறகு?” என்று மட்டும் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். மூத்தவன் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தது, பொன்வண்டு பிடித்து நெருப்புப்பெட்டிக்குள் வைத்தது, தகப்பனிடம் அடி வாங்காமல் அதே முருங்கையில் ஏறி இருந்தது. போகும்போது படலை வரைக்கும் வந்தார்.

2017இல் ஹார்வார்ட் ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னர் வாசித்தேன். முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக இணைய அரட்டையில் கதைக்க விட்டிருக்கிறார்கள். நிறையக் கேள்வி கேட்டவர்களை மற்றவருக்குக் கூடப் பிடித்திருக்கிறது. அதிலும், சொன்னதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்கிற தொடர் கேள்விக்குத்தான் அந்தப் பலம். என் படிவத்தில் இருந்த கேள்விகளில் ஒன்றுகூட அந்த அம்மாவின் பதிலிலிருந்து பிறந்தது இல்லை.

குளக்கட்டு (துணுக்காய்)

எனக்கு இது பஸ்ஸில் நடந்தது. வவுனியாவில் ஏறினேன், பக்கத்தில் ஓர் ஐயா. மடியில் துளை போட்ட மட்டைப்பெட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகள். காதில் வயரை மாட்டிக்கொண்டு ஓமந்தை, புளியங்குளம் எல்லாம் தாண்டினேன். கனகராயன்குளத்தில் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்ப, குஞ்சுகள் ஒரேயடியாகக் கத்தின. ஐயா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்றார். நான் வயரைக் கழற்றினேன். “எத்தனை குஞ்சு ஐயா?”

மாங்குளத்தில் அவர் இறங்கும்வரை கதைத்தோம். கோழிக்கு அம்மை வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் எப்படி அரைப்பது என்று சொல்லித் தந்தார். பேத்தி கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் மேடையில் ஏறினால் நடுங்குவாள் என்றார். நானும் என் தம்பியைப் பற்றி, வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

2014இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சிக்காகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்து ஆளோடு கதைத்தால் பயணம் தொல்லையாகும் என்றுதான் கேட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கதைத்துப் போனவர்களுக்கு, பேசாமல் இருந்தவர்களைவிடப் பயணம் இதமாக இருந்தது. சிக்காகோ ஆட்களுக்கே அப்படியென்றால், முறிகண்டியில் இறங்கி ஒரே சரைக் கச்சானைப் பகிர்ந்து தின்கிற நாங்கள் ஏன் காதை அடைத்துக்கொண்டு போகிறோம்?

கரைவலை (முல்லைத்தீவு)

கேள்வி, கேள்வி என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என் அப்பா கேள்வி கேட்டால் எழும்பிப் போய்விடுவார். 2009க்குப் பிறகு அப்படித்தான். அம்மா கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்.

ஒருநாள் அவர் வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்க, நானும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு மறு தலைப்பில் இருந்தேன். நைலோன் நூலை இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தம் மட்டும்தான். அரை மணித்தியாலம் இருக்கும். “உன்ரை கண் பெரிசாப் போகுது, மீன் ஓடியிடும்” என்றார். பிரித்து மறுபடி பொத்தினேன். இன்னும் கொஞ்சம் போக, வலையைப் பார்த்தபடியே, “சித்தப்பனும் இப்பிடித்தான், கண் பெரிசா விடுவான்” என்றார். சித்தப்பாவின் பெயரை அவர் வாயிலிருந்து நாலு வருடமாக நான் கேட்டதில்லை.

பத்து மொழிக்காரரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து அளந்த ஆய்வொன்று 2009இல் வந்தது. கேள்வி முடிந்து பதில் தொடங்க எடுக்கும் நேரம் சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு அவசரமாகத்தான் மனிதர் கதைக்கிறோம். அதற்கு மேல் ஓர் ஆள் தாமதித்தால் எங்களுக்குப் பொறுக்காது, உடனே அடுத்த கேள்வியைத் தூக்கிப் போடுகிறோம். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அரை மணித்தியாலம்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார். போர் ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும், ஒருவரை ஒருவர் நம்புகிற பழக்கத்தையும் உடைத்துவிட்டது என்பது அதன் சாரம். பேசாமல் இருந்து உயிர் தப்பியவர்களிடம் “மனம் திறந்து கதையுங்கோ” என்றால் எப்படி வரும்? பக்கத்தில் இருங்கள். கைக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகை (வவுனியா)

சின்ன விசயம். ஆரோடும் கதைத்துவிட்டு வந்தால் “நான் அலட்டிப்போட்டேனோ” என்று இரவிரவாக யோசிப்பேன். 2018இல் வந்த ஓர் ஆய்வை வாசித்த பிறகு கொஞ்சம் நிம்மதி. புதிதாகச் சந்தித்த இருவர் கதைத்து முடிந்ததும், மற்றவருக்கு என்னை எவ்வளவு பிடித்தது என்று கேட்டால், இருவருமே குறைத்துத்தான் சொல்கிறார்களாம். போன மாதம் பயந்து பயந்து கதைத்த பக்கத்து வீட்டு அக்கா, நேற்றுத் தானாகக் கூப்பிட்டுப் பலாக்கொட்டை தந்தார்.

வெள்ளைச்சேலை (கிளிநொச்சி)

நான் எழுத்துக்காரி இல்லை, மகள் தட்டித் தருகிறாள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி காணாமற்போன எங்கள் ஆட்களைக் கேட்டு நாங்கள் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் இருந்தோம். கமராவோடும் கொப்பியோடும் எத்தனையோ பேர் வந்தார்கள். எப்ப காணாமற்போனவர், கடைசியாக எங்கே கண்டனீங்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தவர். நான் பாடமாக்கின மாதிரிச் சொல்லுவேன். சொல்லி முடிய என் மனுசனே எனக்கு அந்நியமாகப் போய்விடுவார்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று வந்து பக்கத்தில் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. எங்கள் கொட்டிலில் யாரோ கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவளுக்கும் கொடுத்தோம். தின்றுகொண்டே, “அங்கிளுக்குப் புட்டுக்கு என்ன கறி பிடிக்கும் அன்ரி?” என்று கேட்டாள்.

பிடிக்கும் என்றுதான் கேட்டாள். பிடிச்சது என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் அவரை முடிந்த ஆளாக வைத்துக் கேட்டார்கள், இந்தப் பிள்ளை மட்டும் இருக்கிற ஆளாக வைத்துக் கேட்டாள். சுறா வறை என்றேன். சட்டியின் அடியில் ஒட்டினதை அவர்தான் சுரண்டுவார் என்றேன். அந்தக் கொட்டிலில் நான் முதன்முதலாகச் சிரித்த நாள் அது.

முருங்கைத்தடி (விசுவமடு)

அக்கா, நீங்கள் எழுதினதை மூன்று தரம் வாசித்துவிட்டேன். ஒன்று கேட்கலாமா? உங்கள் வறைக்குத் தேங்காய்ப்பூ எவ்வளவு போடுவீர்கள்?

வெள்ளைச்சேலை (கிளிநொச்சி)

ஒரு கிலோ சுறாவுக்குப் பாதித் தேங்காய் காணும் தங்கச்சி. அவித்துத் தோலுரித்து, தண்ணியைப் பிழிந்து உதிர்த்தெடுக்க வேணும், இல்லாவிட்டால் குழைந்துபோகும். பெருஞ்சீரகம் மட்டும் கொஞ்சம் கூடப் போடுவேன். அவருக்கு அப்படித்தான் வேணும்.