சியேனாவில் பச்சைச் சுங்குடி

கலாசாரப் பரிமாற்றமாக இத்தாலிக்குப் போன எங்கள் எட்டுப் பேரையும் ரோம், சியேனா, பொலோனியா மூன்று ஊர்களிலும் வீடுகளில்தான் தங்கவைத்தார்கள். ரோமைப் பற்றி ஊரே எழுதியாயிற்று. நான் நேரே சியேனாவுக்குப் போய்விடுகிறேன்.

இறங்கியது ஆகஸ்ட் 14. அங்கே ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் காம்போ சதுக்கத்தில் மண் பரப்பி, சேணமில்லாத குதிரைகளை ஓட்டுவார்கள். பாலியோ என்று பெயர். ஊர் 17 'கொன்த்ராதா'க்களாகப் பிரிந்திருக்கிறது. பேட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனித் தேவாலயம், தனி அருங்காட்சியகம். தீராத பகையும் உண்டு. ஒரு பந்தயத்தில் ஓடுவதோ 10 பேட்டைகளின் குதிரைகள்தான்.

எனக்கு இடம் தந்த அம்மையார் தோர்ரே பேட்டைக்காரர். சின்னம், முதுகில் கோபுரம் சுமக்கும் யானை. யானை என்றதும் நம் வீடுபோல ஆகிவிட்டது எனக்கு.

பந்தயத்துக்கு முந்தைய இரவு பேட்டை மொத்தமும் தெருவில் நீள மேசை போட்டுச் சாப்பிடும். விருந்தாயிற்றே என்று மதுரைச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். பச்சை உடல், வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கரை. அம்மையார் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தார். "ஓக்கா" என்றார். வாத்து! தோர்ரேயின் பரம வைரியான வாத்துப் பேட்டையின் கொடியும் அதே பச்சை, வெள்ளை, சிவப்பு.

மற்ற புடவைகள் துவைத்து ஈரமாகக் கிடந்தன. அலமாரியைத் திறந்து, காலமான கணவரின் கருஞ்சிவப்புப் பட்டுத் துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார். முந்தானை மறைந்தது. கொசுவத்தை என்ன செய்வது? சாப்பிட்டு முடியும்வரை கால்களை மேசைக்கடியில் மடக்கியே உட்கார்ந்திருந்தேன். சிறுவர்கள் குனிந்து பார்த்து வாத்துபோலக் கத்தினார்கள். சியேனா இருக்கும் தஸ்கனி வட்டாரத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. எங்கள் யானை ஜெயிக்கவில்லை. வாத்தும் ஜெயிக்கவில்லை என்பதில் அம்மையாருக்கு இரவு தூக்கம் வந்தது.

*

அதே குழுவில் போனவன் நான். பொலோனியாவில் என்னை வைத்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். முதல் நாள் மழை. குடை எதற்கு என்றார். உண்மைதான். தூண்கள் தாங்கும் கூரை நடைபாதை தெருவுக்குத் தெரு போகிறது. சான் லூகா குன்றுவரை மட்டும் 666 வளைவுகள். 400க்குமேல் நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன், அவர் விடவில்லை.

இரவு, 'பொலோனீஸ் ஸ்பெகெட்டி' கிடைக்குமா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இறைச்சிக் குழம்புக்கு அங்கே தாலியாத்தெல்லே என்னும் பட்டை நூடுல்ஸ்தான். வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 1972இல் வணிகச் சங்கத்தில் பதிந்தே வைத்திருக்கிறார்களாம். சொல்லிக்கொண்டே அளவுகோலை எடுத்துவந்து என் தட்டிலிருந்த ஒன்றை அளந்தார். ஒன்பது. சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, அளவுகோலைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.