எச்பிஎக்ஸ்: லூசிஃபரேஸ் ஏறுகிறது, செல்லின் சொந்த மரபணு அசையவில்லை

கேள்வி: ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் செல்களில், ஹெபடைடிஸ் பி வைரஸின் எச்பிஎக்ஸ் புரதத்தை உருவாக்கும் பிளாஸ்மிடை (சிறு வட்ட டிஎன்ஏ), லூசிஃபரேஸ் என்ற ஒளி தரும் நொதியின் மரபணு உள்ள ரிப்போர்ட்டர் பிளாஸ்மிடோடு சேர்த்துச் செலுத்தினால், 48 மணி நேரத்தில் லூசிஃபரேஸ் ஒளி பல மடங்கு ஏறுகிறது. அதே புரமோட்டரில் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) இயங்கும் குரோமோசோம் மரபணுவின் ஆர்என்ஏ மட்டும் மாறவே இல்லை. ஏன்?

பதில் 1: எதிர்பார்க்க வேண்டியதுதான். 154 அமினோ அமிலம் கொண்ட எச்பிஎக்ஸ் தானே போய் டிஎன்ஏவில் ஒட்டுவதில்லை. செல்லின் டிடிபி1 புரதத்தைப் பிடித்துக்கொண்டு எஸ்எம்சி5/6 என்ற புரதத் தொகுதியைச் சிதைக்க வைக்கிறது. குரோமோசோமுக்கு வெளியே வட்டமாகக் கிடக்கும் டிஎன்ஏவை அடக்கி வைப்பது அந்தத் தொகுதிதான். செல் கருவில் இருக்கும் வைரஸின் சொந்த டிஎன்ஏவான சிசிசிடிஎன்ஏவும் வட்டம், உங்கள் ரிப்போர்ட்டர் பிளாஸ்மிடும் வட்டம். பூட்டு கழன்றால் இரண்டும் வேலை செய்யத் தொடங்கும்; குரோமோசோம் மரபணுவுக்கு அந்தப் பூட்டே இல்லை.

பதில் 2: கூடவே எச்பிஎக்ஸின் ஆர்96இ மாற்றுருவையும் (ஒரு அமினோ அமிலம் மட்டும் மாறியது) ஓட்டுங்கள், அது டிடிபி1ஐப் பிடிக்காது. அதிலும் ஒளி ஏறினால் காரணம் வேறு. எஸ்எம்சி6 பட்டை மங்குகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பாருங்கள்.

பதில் 3: ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் இரண்டாவது லூசிஃபரேஸான ரெனில்லாவும் பிளாஸ்மிடில்தானே இருக்கிறது? அதுவும் ஏறும், அதால் வகுத்தால் கணக்கு கோணிவிடும். மொத்தப் புரத அளவால் வகுங்கள். ஆர்என்ஏவை அளக்கும்போது டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கும் நொதி) போட்டபின், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் நொதி) சேர்க்காத ஒரு குழாயும் கட்டாயம் வையுங்கள். மிச்சப் பிளாஸ்மிட் அங்கேதான் மாட்டும்.