புதுப்பிப்பு: கதவிடுக்கில் வரும் குளிர்காற்று

டொராண்டோவில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியே குளிர்காற்று வருகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. காற்றடிக்கும் நாளில் சட்டத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனால், புகை வளையும் இடம்தான் ஓட்டை. திரைச்சீலையை மட்டும் முதலில் ஒதுக்கிவிடுங்கள்!

வாசல் கதவின் மேலும் பக்கங்களிலும் ஃபோம் டேப் (பசையுள்ள, பஞ்சு போன்ற நாடா) ஒட்டினோம். சட்டத்தை ரப்பிங் ஆல்கஹாலால் (மருந்துக்கடை ஸ்பிரிட்) துடைத்துக் காயவிட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். உறைகுளிரில் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் அக்டோபரிலேயே முடித்துவிட்டோம். டேப் தடிமனாக இருந்தால் கதவு பூட்டாது. இடைவெளியை அளந்து வாங்குங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை திருகியாயிற்று. அங்கேதான் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்களின் பக்கவாட்டில் ஃபோம் வேண்டாம், உரசி உரசிக் கிழிந்துவிடும். அங்கே வி வடிவப் பட்டைதான் சரி.

அப்புறம், வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்தும் காற்று வருகிறது! மூடிக்குப் பின்னால் வைக்கும் ஃபோம் அட்டை கடையில் கிடைக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இந்த வார இறுதியில் போட வேண்டும்.