நிரப்பி வைத்த மேகசினும் ஸ்பிரிங் பயமும்: ரேஞ்சிலும் வீட்டிலும் ஐந்து ஊர்க்காரர்கள் பார்த்தவை

ஆஸ்டின், டெக்சஸ்

ஏ.ஆர்-15 ரைஃபிள் புதிதாக வாங்கிய நம் ஆட்கள் ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, வீட்டுப் பாதுகாப்புக்கு என்று மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதா? மாதாமாதம் ஒன்றைக் காலி செய்து இன்னொன்றை நிரப்பி வைக்கணுமா?" மேகசின் என்பது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான் தோட்டாக்களை மேலே தள்ளும். பழைய ஆட்கள் பலர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் பார்த்தவரை, இந்த ஸ்பிரிங் பயம் தேவைக்கு அதிகம். கவனிக்க வேண்டிய இடம் வேறு.

நல்ல ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் கெடுவதில்லை. முதலில் நிரப்பி வைத்ததும் கொஞ்சம் விறைப்பு குறையும், பிறகு அப்படியே நிலைத்துவிடும். அமுங்குவதும் விரிவதும் திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் உலோகம் களைக்கிறது. அதனால் மாதாமாதம் காலி செய்து நிரப்புவது ஸ்பிரிங்குக்கு ஓய்வே அல்ல, கூடுதல் வேலை.

முதலில் பார்க்க வேண்டியது மேகசினின் வாய்தான். மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு விளிம்புகள் இருக்கிறதே, ஃபீட் லிப்ஸ், அவைதான் துப்பாக்கி ஒழுங்காகச் சுடுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. ராணுவ பாணி அலுமினிய மேகசின் மெல்லிய தகடு. கான்கிரீட் தரையில் வாய்ப்பக்கமாக ஒருமுறை விழுந்தால் போதும், விளிம்பு விரிந்துவிடும். பின் மூலையில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். பாலிமர் மேகசின் அப்படி வளையாது. ஆனால் நிரப்பிய நிலையில் நெடுநாள் கிடந்தால் அந்த விளிம்புகளின் மேல் அழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். 2007-ல் வந்த மேக்புல் கம்பெனியின் பிமேக் என்ற பாலிமர் மேகசினோடு ஒரு மூடி கொடுத்தார்களே, அது தூசிக்கு மட்டும் இல்லை. அதை அழுத்தி மாட்டினால் மேல் தோட்டா கொஞ்சம் கீழே இறங்கி, விளிம்புகளுக்கு மேல் இருக்கும் பாரம் விலகும். அந்த மூடியைத் தொலைத்துவிட்டு ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நண்பரின் ரைஃபிள் அடிக்கடி டபுள் ஃபீட் ஆனது. இரண்டு தோட்டாக்கள் ஒன்றாகக் கிளம்பி உள்ளே சிக்கிக்கொள்ளும். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றினார், எண்ணெய் மாற்றினார், தோட்டா பிராண்டை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. சிக்கும்போதெல்லாம் எந்த மேகசின் என்று கேட்டேன். எல்லாமே ஒரே மாதிரி கறுப்பு, அவருக்குத் தெரியவில்லை. வெள்ளி பெயின்ட் பேனாவால் அடியில் எண் எழுதிச் சுடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரே எண்தான். அதைக் கையில் வாங்கிப் புதிய மேகசின் பக்கத்தில் வைத்தால் வாயின் இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. அடியை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன், மேல் தோட்டா துள்ளி வெளியே வந்து விழுந்தது. அந்த மேகசினைக் காலி செய்து அங்கேயே மிதித்து நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட்டோம். நசுக்காமல் போட்டால் யாராவது எடுத்துப் போய், அது வேறொருவர் பையில் புது வாழ்க்கை தொடங்கிவிடும்.

என் வீட்டில் இரண்டு கூட்டம் தனித்தனி. ரேஞ்ச் மேகசின்கள் கீழே விழும், மண்ணில் புரளும், மிதிபடும், அதற்காகத்தான் அவை. வீட்டு மேகசின்கள் அந்த அடி எதையும் வாங்குவதில்லை. ஆனால் ஒன்று: பெட்டியிலிருந்து எடுத்த புது மேகசினை அப்படியே நிரப்பி அலமாரியில் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவை அதே ரைஃபிளில் முழுதாகச் சுட்டு, கடைசித் தோட்டா போனதும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் பின்னால் நிற்கிறதா என்று சில தடவையாவது பார்த்திருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், ஸ்பிரிங்குக்கு மேல் தோட்டாக்களைத் தாங்கும் தட்டான ஃபாலோயரையோ ஸ்பிரிங்கையோ சந்தேகப்படலாம். காலி மேகசின் பட்டனை அழுத்தியதும் தானாக வழுக்கி விழவும் வேண்டும். அப்புறம், 30 தோட்டா பிடிக்கும் மேகசினில் நான் 28 தான் போடுகிறேன். போல்ட் மூடியிருக்கும்போது முழுக்க நிரப்பிய பழைய அலுமினிய மேகசினை ஏற்றினால் சில சமயம் பூட்டில் மாட்டாது. மாட்டியது போலத் தெரிந்து, முதல் தோட்டா போனதும் கழன்று விழுவதை ரேஞ்சில் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏற்றியதும் ஒருமுறை கீழே இழுத்துப் பார்ப்பதும் அதற்குத்தான்.

நான் உண்மையில் சுழற்றுவது தோட்டாவை. வீட்டு மேகசின்களில் இருப்பதை அவ்வப்போது ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதுத் தோட்டா போட்டு வைக்கிறேன். முக்கியமாக அந்த மேல் தோட்டா. ஏ.ஆரில் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் அடித்து மூடும்போது பின் முன்னால் வந்து, தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் சின்ன மூடியான ப்ரைமரை லேசாகத் தொடும். அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் ப்ரைமரின் நடுவில் சின்னப் பள்ளம் தெரியும். ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்தால் பள்ளம் ஆழமாவது ஒரு பக்கம். குண்டு கேஸுக்குள் (தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள்) தள்ளப்படுவது இன்னொரு பக்கம், அப்படித் தள்ளப்பட்டால் சுடும்போது அழுத்தம் எகிறும். ஒருமுறை சேம்பருக்கு, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குப் போய் வந்த தோட்டாவின் அடியில் மார்க்கரால் கோடு போட்டு ரேஞ்ச் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

ஃபீனிக்ஸ், அரிசோனா

ஆஸ்டின் அண்ணா சொன்னதோடு தூசியைச் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே பாலைவன ரேஞ்சில் பொடி மண் மேகசினுக்குள் இறங்கினால் ஃபாலோயர் பாதியில் நின்றுவிடும், மேல் தோட்டா சாய்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே திருநீறு மாதிரி மண். கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் முகத்தை நோக்கித்தான் வரும். உலர்ந்த துணியும் பிரஷும் போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இருந்தால் மண் ஒட்டும், ப்ரைமருக்குள் கசிந்தாலும் கெடுதல். கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் திரும்பப் போடும்போது குழப்பம் இல்லை.

கொலம்பஸ், ஒஹையோ

எண் எழுதுவது பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆகணும். என்னிடம் 5.56 தோட்டா சுடும் ரைஃபிளும் இருக்கிறது, பருமனான குண்டுள்ள .300 பிளாக்அவுட் தோட்டா சுடும் ரைஃபிளும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மேகசின் பொருந்தும், ஒரே மாதிரி நிரம்பும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. .300 தோட்டா 5.56 ரைஃபிளின் சேம்பருக்குள் போய் போல்ட்டும் மூடிவிட்டால், பெரிய குண்டு சின்னக் குழலில் அடைத்துக்கொள்ளும், ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். இப்படி வெடித்த ரைஃபிள்களின் படங்கள் ஏராளம்.

எங்கள் ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒருவர் இரண்டு ரைஃபிளையும் ஒரே மேசையில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் எடுத்து மாட்டிய மேகசினின் வாயில் தெரிந்த குண்டு பருமனாக இருந்தது. நான் "சீஸ் ஃபயர்" என்று கத்தியதும் எல்லோரும் நிறுத்தினார்கள், ரேஞ்ச் ஆபீசர் ஓடிவந்து இறக்கிப் பார்த்தார். .300 தான். அந்த மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. என் .300 மேகசின்கள் எல்லாவற்றிலும் சிவப்பு ரப்பர் பட்டை போட்டிருக்கிறேன், இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தெரியும். ஒரே மேசையில் இரண்டையும் வைப்பதே இல்லை.

எடிசன், நியூ ஜெர்சி

வேலை மாறி டெக்சஸிலிருந்து இங்கே வந்தவன் நான். வருகிறவர்கள் சாமான் கட்டும் முன்பே பாருங்கள்: இங்கே 2018 முதல் மேகசினுக்கு 10 தோட்டாதான் உச்ச வரம்பு. அங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 இங்கே வைத்திருந்தாலே குற்றம். கொலராடோவில் 2013 சட்டப்படி 15. நான் என் மேகசின்கள் அத்தனையையும் டெக்சஸிலேயே நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் கடக்கும் மாநிலங்களின் சட்டத்தையும் பார்க்கணும்.

டாலஸ், டெக்சஸ்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு: டெக்சஸில் நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாகப் பத்திரப்படுத்தாமல் வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சேம்பர் காலியாக இருந்தாலும், உள்ளே மேகசின் நிரம்பியிருந்தால் நிரப்பியதாகவே கணக்கு. மேகசினைச் சுழற்றுவது பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை நல்ல சேஃப் வாங்குவதில் செலவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

எச்-1பி விசாவில் இருக்கும் தம்பிகள் "சும்மா ரேஞ்சுக்கு வர்றேன் அண்ணா" என்று கேட்கிறார்கள். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. லைசென்ஸ் விஷயத்தை முன்னாடியே வக்கீலிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளச் சொல்லித்தான் நான் அனுப்புகிறேன்.

கடைசியாக, ரேஞ்ச் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் போய், திரும்பும்போது அங்கே விமான நிலைய ஸ்கேனரில் பையின் ஓர மடிப்பிலிருந்து ஒற்றைத் தோட்டா கிடைத்தது. ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானம் போனது, வேலைக்குத் திரும்ப முடியாமல் வாரக்கணக்கில் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைச்சல். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைக் கோர்ட் பார்க்கும், ஆனால் அதற்குள் மனிதர் நொந்துவிடுவார். ரேஞ்சுக்கு என்று தனிப் பை, அதற்கு மட்டும்தான். மேகசினைக் காலி செய்தால் தோட்டாக்களைப் பைக்குள் கொட்டாமல் டப்பாவில் எண்ணிப் போடுங்கள்.